படியெடுத்தால் போதாது, மீட்டுப் பாருங்கள்



"அஞ்சல்கள் வழங்கியில் பத்திரமாக இருக்கின்றன, கட்டளை வரியும் நிரலும் பொறியியலாளர் வேலை, நமக்கேன் அந்தத் தலைவலி?" இப்படிக் கேட்போர் நம்மிடையே பலர். இக்கருத்தை நான் வன்மையாக மறுக்கிறேன்.

பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்களை நம் தோட்டங்கள் அறியும். ஓர் ஆவணத்தின் அருமையைப் புக்கிட் ரோத்தானில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று மாணவர் சேர்க்கை, நன்கொடைக் கணக்கு, கட்டடக் குழுவின் கடிதங்கள் யாவும் மின்னஞ்சலில் கிடக்கின்றன. அவற்றை மட்டும் ஏன் அனாதையாக விட்டோம்?

யாகூ குழுமங்களின் கதையை நினைத்துப் பாருங்கள். உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 15-இல் சேவையையே மூடினார்கள். நம் நாட்டு டாக்டர் ஜெயபாரதியின் அகத்தியர் உட்பட எத்தனையோ தமிழ்க் குழுக்கள் மடல் வளர்த்த இடம் அது. காலத்தில் படியெடுத்த மடல்களே பிழைத்தன.

படியெடுத்துவிட்டோம் என்ற நிம்மதியும் ஆபத்தானதே. 2017 சனவரி 31-இல் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுகளை அழித்துவிட்டார். அன்றாடம் நகலெடுக்க வேண்டிய நிரலோ, மென்பொருள் பதிப்பு மாறுபட்டதால் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும், முறையான கையொப்பம் இல்லையென்று அஞ்சல் வழங்கி தள்ளிவிட்டது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு படிதான் கைகொடுத்தது.

நாம் செய்ய வேண்டியது எளிது. ஒரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவுங்கள். வழங்கி சொந்தமானால் ஆர்சிங்க், பிறருடையதானால் ஐமேப் வழியே எம்பிசிங்க் மடல்களைக் கொண்டுவரும். மூலத்தில் அழிந்தது நகலிலும் அழியக்கூடும். ஆகவே நாள்தோறும் தேதியிட்டு, டார் கட்டளையால் ஒரு பொதியாகக் கட்டுங்கள். பிள்ளைகளின் விவரம் உள்ளதால் ஜிபிஜி கொண்டு பூட்டுங்கள். இவ்வளவையும் ஒரு சிறு நிரலில் எழுதிக் கிரானிடம் ஒப்படைத்தால், இரவு இரண்டு மணிக்கு அதுவே வேலையை முடிக்கும். வாரம் ஒருமுறை வன்வட்டில் படியெடுத்து, அதைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

தோல்விச் செய்தி வரவில்லை என்று மகிழாதீர்கள். வெற்றிச் செய்தி வராவிட்டால் ஐயுறுங்கள். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு பொதியை வேறொரு கணினியில் அவிழ்த்து, பழைய மடல் ஒன்றைத் திறந்து படியுங்கள். திறக்கவில்லையெனில் உங்களிடம் காப்புப்படி இல்லை, குப்பைதான் இருக்கிறது.

அசை பிரித்துத் தளை காணக் கற்பிக்கும் தமிழாசிரியருக்குப் பத்து வரிக் கட்டளை எழுத வராதா? வரும். வராது என்று சொல்வது இயலாமையன்று, சோம்பல்.

இந்தப் பள்ளி விடுமுறையிலேயே தொடங்குவோம். சிந்திப்போம், செயல்படுவோம்.