எண்ணிக்கையோடு நீளமும்

சிவசமுத்திரத்துக்குக் கீழே, கர்நாடகக் காடுகளின் ஊடே ஓடும் காவிரியில் தூண்டிலில் பிடித்து எடைபோட்டு ஆற்றிலேயே விட்ட மாசீர் மீன்களுக்கு 1998 முதல் 2012 வரை பதிவு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த மீன்கள் காலப்போக்கில் கூடின. சராசரி எடை குறைந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர் ஆறு செழிக்கிறது என்றே அறிக்கை எழுதியிருப்பார். இனவாரியாகப் பிரித்தபோது பெருகியது வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் என்று தெரிந்தது. காவிரிக்கே உரிய திமில் மாசீர் சரிந்துகொண்டிருந்தது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது.

அந்தத் திமில் மாசீருக்கு அறிவியல் பெயர்கூட 2018 வரை உறுதியாகவில்லை. காவிரிப் படுகையைச் சேர்ந்த கேரளத்துப் பாம்பாற்றில் பிடித்த சிறு மீன்களை வைத்து 2007இல் 'டோர் ரெமாதேவி' என்ற இனம் விவரிக்கப்பட்டிருந்தது. பேராற்றின் மடுக்களில் 50 கிலோவைத் தாண்டி வளர்ந்த மீனும் அதே இனம்தான் என்று தெரிய மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின. ஆற்றின் ஒரு துண்டை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

மீனின் நீளத்தையும் இடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். மலையோடையில் அயிரை விரல் நீளத்திலேயே முதிர்ந்துவிடும். அங்கே சிறு மீன்கள் மிகுந்திருப்பது இயல்பு. கீழே, ஆழமான மடுக்கள் உள்ள இடத்திலும் பிடிபடுவதெல்லாம் சிறியவை என்றால் கவலைப்பட வேண்டும். முட்டையிடும் பெரிய மீன்கள் போய்விட்டனவா, அணை நீரின் ஏற்ற இறக்கம் அவற்றை விரட்டியதா, அல்லது நம் வலைக்கண்தான் பெரியவற்றைப் பிடிக்கவில்லையா? மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு. மேட்டூர் போன்ற நீர்த்தேக்கங்களில் வெளியிலிருந்து விடப்பட்ட கட்லாவையும் ரோகுவையும் நாட்டு மீன்களோடு சேர்த்துக் கூட்டிவிட்டால் இந்தக் கேள்விகளே எழா. மீன்குஞ்சு விடும் திட்டங்களை எடையால் மட்டும் மதிப்பிடும் பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. நாட்டு மீன்களுக்கு இது பெரும் கேடு.

ஆகவே வரும் இதழிலிருந்து, கள ஆய்வுக் கட்டுரைகளில் ஒவ்வொரு மாதிரி எடுப்பிடத்துக்கும் இனவாரியான எண்ணிக்கை, நீளம், வலைக்கண் அளவு, வலை வீசிய நேரம் நான்கையும் கேட்போம். நாட்டு மீன்களுக்கும் வெளியினங்களுக்கும் தனித்தனி அட்டவணை வேண்டும். பழைய களக் குறிப்பேடுகளில் நீளம் எழுதப்பட்டிருந்தால் அதையும் அனுப்புங்கள். இருபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பக்கமானாலும் அச்சிடுவோம்.