பேக்கேஜில் அப்பத்தாவுக்கு இடம் உண்டா?

பழனிசெட்டிபட்டி, கம்பம் சாலை, சாயங்காலம் ஆறு மணி. இப்படி ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். ராஜபாளையத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து ஹோட்டல் வாசலில் இறங்குகிறது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே 74 வயது அப்பத்தா. இரண்டு இரவு, மூன்று பகல் பேக்கேஜ். அறை, காலை டிபன், இரவுச் சாப்பாடு, ஒருநாள் மேகமலைக்கு ஜீப், மறுநாள் சுருளி அருவிக்கு வேன். முழுப் பணமும் பத்து நாளைக்கு முன்பே கட்டியாகிவிட்டது.

“தம்பி, அம்மாவுக்கு முட்டி வலி. மாடி ஏற முடியாது. கீழே ஒரு ரூம் மாத்திக் கொடுங்களேன்.”

“பேக்கேஜுக்கு ரெண்டாவது மாடி ரூம்தான் சார். கீழ இருக்கிறது எல்லாம் தனி ரேட்டு.”

“சரி, ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?”

“ஒன்பது மணிக்கு சார். எல்லாருக்கும் ஒண்ணாத்தான்.”

“அவங்க இன்சுலின் போடுறவங்கப்பா. எட்டு மணிக்குள்ள சாப்பிட்டாகணும்.”

“பேக்கேஜ்ல அதெல்லாம் மாத்த முடியாது சார். மேனேஜர்கிட்டதான் கேட்கணும். அவர் வீட்டுக்குப் போயிட்டாரு.”

“விடுப்பா, நான் மெல்ல ஏறிக்கிறேன். ரெண்டு பிஸ்கட் தின்னுக்கிட்டா போதும்” என்று அப்பத்தா பேச்சை முடித்துவைக்கிறார். மகனுக்கு முகம் சுண்டிப்போகிறது.

இதில் யார் மேல் தப்பு? கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்கு அறையை மாற்றும் அதிகாரம் இல்லை. குடும்பமும் தள்ளுபடி விலை என்று தெரிந்துதான் வாங்கியது. பேக்கேஜ் வாங்கியவர் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கலாமா? கேட்டால் ஹோட்டல் செய்து கொடுக்கத்தான் வேண்டுமா?

பேக்கேஜ் ஏன் மலிவு?

முதலில் ஹோட்டல்காரர் பக்கத்தைப் பார்க்கலாம். பழனிசெட்டிபட்டி, தேனியை ஒட்டிக் கம்பம் போகும் வழியில் இருக்கிறது. அந்தச் சாலை குமுளிக்கும் தேக்கடிக்கும் போகிறது. தேனியிலிருந்து இன்னொரு சாலை போடிமெட்டு ஏறி மூணாறுக்குப் போகிறது. பக்கத்து வீரபாண்டியில் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா என்றால் ஊரே நிரம்பும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் வரிசை கட்டும். அந்த நாட்களில் அறை தானாகவே நிரம்பிவிடும். மற்ற நாட்களில் காலியாகக் கிடக்கும் அறையை நிரப்பத்தான் பேக்கேஜ்.

எத்தனை பேர், எத்தனை வேளை சாப்பாடு, எந்த நேரத்துக்கு வண்டி என்று முன்கூட்டியே தெரிந்தால் சமையலில் வீணாவது குறையும். ஒரே வேனில் மூன்று குடும்பத்தை ஏற்றலாம். குறைந்த ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதிதான் நமக்குக் கிடைக்கும் தள்ளுபடி. ஆளுக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு மெனு என்றால் அந்த மிச்சம் காணாமல் போய்விடும்.

விருந்தினர்களிலும் ஒரு சிலர் இருக்கிறார்கள். இரண்டு பேர் பேக்கேஜில் நான்கு பேர் தங்கப் பார்ப்பார்கள். “டின்னர் சாப்பிடலை, காசைக் கழிச்சுக் கொடுங்க” என்பார்கள். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த அறைக்காரரும் வந்து நிற்பார். அதற்குப் பயந்துதான் “பேக்கேஜ்ல மாத்த முடியாது” என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

ஒருவர் கேட்டால் தொந்தரவு, நூறு பேர் கேட்டால் சேவை

ஆனால், இதே ஹோட்டல்கள் ஐயப்பன் சீசனில் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். மாலை போட்டவர்களுக்குத் தனிச் சமையல், விடிவதற்கு முன்பே குளிக்க ஏற்பாடு, கட்டில் வேண்டாம் என்பவர்களுக்குத் தரையில் பாய் எல்லாம் நடக்கும். “ஐயப்ப சாமிகளுக்கு உணவு தயார்” என்று வாசலில் போர்டே தொங்கும். இதை யாரும் ‘ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்’ என்று சொல்வதில்லை. கேட்பவர்கள் நிறையப் பேர் என்பதால் அது வழக்கமாகிவிட்டது.

விமானத்திலும் அப்படித்தான். ஒரே நேரத்தில் இருநூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டிய இடம் அது. நினைத்ததைச் சமைக்க அங்கே அடுப்புகூடக் கிடையாது. ஆனாலும் சாப்பாடு தரும் பல விமான நிறுவனங்களில் சர்க்கரை நோயாளிக்கு ஒரு உணவு, ஜைனர்களுக்கு ஒரு உணவு, குழந்தைக்கு ஒரு உணவு என்று தனித்தனி வகை உண்டு. நிபந்தனை ஒன்றுதான். பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்போ, அதற்கும் முன்போ சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்னால் அது திட்டத்துக்குள் வந்துவிடும். தட்டு நீட்டும்போது சொன்னால்தான் தொந்தரவு.

மூன்று வகைக் கோரிக்கைகள்

‘பேக்கேஜ்ல முடியாது’ என்ற ஒரே பதில் எல்லாக் கோரிக்கைக்கும் பொருந்தாது. கோரிக்கைகளைப் பிரித்துப் பார்த்தால் வழி தெரியும்.

முதல் வகை, ஹோட்டலுக்குச் செலவே இல்லாதது. காலியாக இருக்கும் கீழ்த்தள அறை, இன்சுலின் மருந்தை வைக்க ஃப்ரிட்ஜில் ஒரு ஓரம், கூடுதலாக ஒரு தலையணை போன்றவை. ஒன்பது மணிக்குப் பரிமாறப்போகும் சப்பாத்தியில் இரண்டை எட்டு மணிக்கே போட்டுக் கொடுப்பதும் இதில்தான் வரும். இதை மறுப்பதால் ஹோட்டலுக்கு மிச்சமாவது எதுவுமில்லை.

இரண்டாவது, செலவு உள்ளது. கூடுதல் கட்டில், பட்டியலில் இல்லாத ஒரு தனிச் சமையல், வழியில் இல்லாத ஓர் இடத்துக்கு வண்டி. இதற்குப் பணம் கேட்பது நியாயம். ஆனால், எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, மற்றவர்களின் பயணத்தைக் குலைப்பது, அல்லது ஹோட்டலின் கையிலேயே இல்லாதது. மூன்று குடும்பம் போகும் வேனை ஒரு குடும்பத்துக்காக இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க முடியாது. மேகமலை, 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த மலை. சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் பாதையில் வனத்துறை சோதனைச்சாவடி இருக்கிறது. இரவுப் பயணத்துக்கு அங்கே அனுமதியில்லை. “நாங்க லேட்டா போய்க்கிறோம்” என்றால் ஹோட்டல் என்ன செய்யும்? தண்ணீர் வரத்து அதிகமாகி வனத்துறை தடை போட்டுவிட்டால் சுருளியிலும் கும்பக்கரையிலும் யாரும் குளிக்க முடியாது. இங்கே மறுப்பது சரிதான். தடை இருப்பது தெரிந்தும் அருவிக் குளியலைச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் தப்பு.

இந்த மூன்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: உடம்பு. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குச் சட்னியில் அது இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். இவற்றை ‘எக்ஸ்ட்ரா தலையணை’ கணக்கில் சேர்க்க முடியாது. தள்ளுபடிக்காக நாம் விட்டுக்கொடுப்பது நம் விருப்பத்தைத்தான். உடல்நலத்தையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும்படி எந்தப் பேக்கேஜும் கேட்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ல் ஒரு கருத்து இருக்கிறது. மாற்றுத்திறனாளி மற்றவர்களைப் போலவே உரிமைகளை அனுபவிக்கத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். அது செய்பவருக்கு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. இதை ‘நியாயமான வசதி’ என்கிறது சட்டம். அணுகல் வசதி பற்றிய விதிகள் அரசுக்கு மட்டுமல்ல, சேவை வழங்கும் தனியாருக்கும் உண்டு. முட்டி வலி உள்ள எல்லோரும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட மாட்டார்கள். ஆனால், அந்த அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தும். கேட்பவருக்கு அது அவசியமா, கொடுப்பவருக்கு அது தாங்க முடியாத சுமையா என்று பார்த்தால் போதும். அப்பத்தாவின் கீழ்த்தள அறைக்கு உடனே பதில் கிடைத்துவிடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னொரு பக்கத்தைப் பார்க்கிறது. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தாலே அது சேவைக் குறைபாடு. லிஃப்ட் கிடையாது, பேக்கேஜ் அறை இரண்டாவது மாடியில்தான் என்பது வயதானவர்களைக் கூட்டிவரும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டிய தகவல். முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாகக் கட்டணம் சேர்ப்பதையும் அரசு கவனித்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் 13 வகை இணையதளத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. அவற்றில் இதுவும் ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியம் இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறது. 2018 ஜூலை முதல் அமலில் இருக்கும் அதன் பேக்கேஜ் சுற்றுலா விதிகளின்படி, பயணி கேட்டு, நிறுவனம் ஏற்றுக்கொண்ட சிறப்புத் தேவைகளை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும். நடமாடச் சிரமப்படுபவர்களுக்கு அந்தப் பயணம் பொதுவாக ஏற்றதா என்பதையும் பணம் வாங்கும் முன்பே சொல்ல வேண்டும். கேட்பதை எல்லாம் கொடு என்று அந்த விதி சொல்லவில்லை. ஏற்றுக்கொண்டதை எழுதிக் கொடு என்கிறது. ஏற்றுக்கொண்ட பிறகு அது சலுகை இல்லை, வாங்கிய பொருளின் ஒரு பகுதி.

புக் செய்யும் முன்

ஆன்லைனில் புக் செய்யும்போது ‘ஸ்பெஷல் ரிக்வெஸ்ட்’ என்று ஒரு கட்டம் வரும். அதில் எழுதினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறோம். பல தளங்களில் அதன் கீழேயே, ‘உறுதி அளிக்க இயலாது’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். எனவே, பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே போன் செய்யுங்கள். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, பதில் வாங்குங்கள். இப்படி எழுதலாம்:

“வணக்கம். 5 பேர் வருகிறோம். 74 வயது அம்மா இன்சுலின் போடுபவர், மாடி ஏற முடியாது. கீழ்த்தள அறை, இரவு 8 மணிக்குச் சாப்பாடு, மருந்து வைக்க ஃப்ரிட்ஜ் வேண்டும். முடியுமா? கூடுதல் கட்டணம் உண்டா? உங்கள் பதிலைப் பார்த்த பிறகு பணம் அனுப்புகிறோம்.”

நாலைந்து வரிதான். முடியாது என்று பதில் வந்தால் வேறு ஹோட்டல் பார்க்கலாம். முடியும் என்று எழுதிவிட்டு மறுத்தால், அந்த வாட்ஸ்அப்பே சாட்சி. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே இல்லை.

ஹோட்டல்காரர்கள் செய்ய வேண்டியதும் பெரிய வேலை இல்லை. புக்கிங் வந்ததும், “கூட வருபவர்களில் வயதானவர்கள், கைக்குழந்தை, மருந்து சாப்பிடுபவர்கள் இருக்கிறார்களா?” என்று ஒரு கேள்வி. கூடவே, செலவில்லாத சின்ன மாற்றங்களை மேனேஜரைக் கேட்காமலே செய்யலாம் என்று கவுன்ட்டரில் நிற்பவருக்கு ஓர் அனுமதி.

அந்த அனுமதி இருந்திருந்தால், “கீழ ரெண்டு ரூம் சும்மாதான் சார் கிடக்கு, வாங்க” என்று அந்தப் பையனே பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்திருப்பான். அடுத்த லீவுக்கும் அந்தக் குடும்பம் அதே ஹோட்டலைத்தான் தேடி வந்திருக்கும்.