ஐந்தரை நாள் மானியம்

2025 ஆகஸ்டில் யூரியா தட்டுப்பாடு முற்றியபோது, தெலங்கானா விவசாயிகள் கடை வாசலில் செருப்புகளை வரிசையாக விட்டு இடம்பிடித்துக் காத்திருந்தார்கள். ஒன்றியமும் மாநிலங்களும் மாறி மாறிக் குற்றம் சாட்டின. கப்பல் எப்போது வரும் என்பதே எல்லோருடைய கவலையும். நம் நிலம் ஏன் இவ்வளவு யூரியா கேட்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

இயற்கை வேளாண்மைக்கான தேசிய இயக்கத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மாநிலங்களின் பங்கையும் சேர்த்து 2,481 கோடி ரூபாய். பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் 2025-26 நிதிநிலை அறிக்கையில் உர மானியத்துக்கு ஒதுக்கியது 1.67 லட்சம் கோடிக்கு மேல். 365ஆல் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்குச் சுமார் 460 கோடி. ஆக, மண்ணை மீட்கும் இயக்கத்தின் மொத்தப் பணமும் உர மானியத்தின் ஐந்தரை நாள் செலவு. ஒன்றிய அரசின் பங்கான 1,584 கோடியை மட்டும் எடுத்தால் மூன்றரை நாளுக்கே போதாது. இலக்கு ஒரு கோடி விவசாயிகள். தலைக்கு 2,481 ரூபாய். இதை வைத்துக்கொண்டா பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளப் போகிறோம்?

2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதற்கு வெளியே வைத்தார்கள். டிஏபி, பொட்டாஷ் விலை ஏறியது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசிலேயே நிற்கிறது. மலிவாகக் கிடைப்பதை விவசாயி அள்ளிப் போடுவதில் என்ன குற்றம்? பயிர் எடுத்துக்கொள்ளாத தழைச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமேற்றும் வாயு அது. மக்கள் வரிப்பணத்தில் பருவநிலையைக் கெடுத்துவிட்டு, அதே வரிப்பணத்தில் வெள்ள நிவாரணமும் கொடுக்கிறோம்.

காவிரி டெல்டா இதற்குச் சாட்சி. 2023இல் மேட்டூரில் நீரில்லாமல் குறுவை கருகியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மழையில் சம்பா மூழ்கியது. இந்த இரண்டையும் தாங்குவது மட்கு நிறைந்த மண்: மழையை உள்ளே வாங்கும், காய்ச்சலில் ஈரம் காக்கும். கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் வந்து ஆட்டுக்கிடை போட்டதும், தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுததும், சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்ததும் அந்த மட்குக்காகவும் தழைச்சத்துக்காகவும்தான். நாற்பத்தைந்து நாள் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்தைத் தரும். தமிழ்நாடு அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் பசுந்தாளுர விதை கொடுத்தது. நல்ல தொடக்கம்; பரப்புதான் போதாது.

உடனே 2021 இலங்கையைக் காட்டுவார்கள். ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை போட்டு, சில மாதங்களில் திரும்பப்பெற்ற நிர்வாகக் கோளாறு அது. தக்கைப்பூண்டு விதைப்பதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அந்த உதாரணத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது உர வியாபாரத்துக்கு வக்காலத்து வாங்குவதே.

உர மானியத்தில் பத்தில் ஒரு பங்கை எடுங்கள். 16,000 கோடிக்கு மேல் வரும். பசுந்தாளுரம் மடக்கி உழும் விவசாயிக்கு, குத்தகைக்காரருக்கும் சேர்த்து, ஏக்கர் கணக்கில் வங்கியில் போடுங்கள். ஐந்தே ஆண்டில் டெல்டாவில் யூரியா வரிசையும் இருக்காது, நிவாரண வரிசையும் இருக்காது. இதற்குப் புது இலாகா எதுவும் வேண்டாம். உரக்கடையில் ஆதார் எண்ணைப் பதிந்து மூட்டை விற்கும் கருவி ஏற்கெனவே ஊர் ஊராக இருக்கிறது. வரும் நிதிநிலை அறிக்கையிலேயே தொடங்கலாம்.