நாலு டிகிரி என்றார்கள், கிழங்கு கருகியது

உறைபனி விழுந்த மறுநாள் காலையில் நீலகிரியில் எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே பேச்சுதான் காதில் விழும். "ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லையே!" என்பார் ஒருவர். "அவன் சொன்னால்தான் விழாதே!" என்பார் மற்றொருவர். மூன்றாமவர், செடியை மூடி வைத்த நாளெல்லாம் பனி விழவில்லை, மூடாத அன்று விழுந்துவிட்டது என்று கணக்குச் சொல்வார். வானிலை அறிவிப்பைத் திட்டுவதில் மட்டும் நம் விவசாயிகளுக்குள் கட்சி வேறுபாடு கிடையாது.

சமவெளியில் உள்ளவர்களுக்குப் பனி என்றால் காலையில் நாற்றின் நுனியில் நிற்கும் நீர்த்துளி. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் விழுவதும் அந்த நீர்ப்பனிதான். மார்கழியை ஒட்டி, புல்லின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளையாக உறைந்து நிற்கத் தொடங்கும். அதுதான் உறைபனி. தேயிலைக் கொழுந்து ஒரே இரவில் சிவந்து கருகும். பீன்ஸ் அடியோடு போய்விடும். முட்டைக்கோஸும் காரட்டும் ஓரளவு தாங்கும். உருளைக்கிழங்குச் செடி தாங்காது.

நானும் ரேடியோவைத் திட்டியவன்தான். உதகைக்கு மேற்கே ஒரு பள்ளத்தில் எனக்கு 60 சென்ட் நிலம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மார்கழிக் கடைசியில் நீர்ப்போக உருளைக்கிழங்கு நட்டு, மாசி முதல் வாரத்தில் செடி நாலு விரல் உயரம் வந்திருந்தது. தை போய்விட்டது, இனிப் பயமில்லை என்ற தைரியம் ஒரு பக்கம். அன்றிரவு அறிவிப்பில், உதகையில் குறைந்தபட்ச உஷ்ணநிலை 4 டிகிரி இருக்கும் என்றார்கள். நாலு டிகிரியில் தண்ணீர் உறையாது என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். மூடாமல் படுத்துவிட்டேன். விடிந்து போய்ப் பார்த்தால் பாத்தி முழுவதும் வெள்ளை. வெயில் ஏறியதும் இலைகள் வெந்த கீரைபோலத் தொங்கின; மாலைக்குள் கறுத்துவிட்டன. விதைக்கிழங்கு, உரம், ஆள்கூலி என்று போட்ட பணத்தில் பாதிகூட அந்தப் போகத்தில் திரும்பவில்லை. கடனுக்கு வட்டி மட்டும் ஒழுங்காக ஏறியது.

அன்றைக்கு ஊரில் உண்மையாகவே 4 டிகிரிதான் பதிவாகியிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் சொன்னதும் மெய். என் செடி உறைந்ததும் மெய். இரண்டும் எப்படி ஒருசேர மெய்யாகும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வானிலை நிலையத்தில் உஷ்ணமானியைத் தரையில் வைத்து அந்த அளவை எடுப்பதில்லை. சுமார் நாலடி உயரத்தில், காற்று புகுந்து வெளியேறும்படி சாய்வுப் பலகைகள் பொருத்தி வெள்ளை பூசிய ஒரு பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து என்ஜினீயர் வகுத்தது. ('புதையல் தீவு' கதையை எழுதிய ஸ்டீவன்சனுக்கு இவர் தகப்பனார்.) எங்கும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே மாதிரி நிழலில் அளந்தால்தான் ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிட முடியும். அந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் செடி நாலடி உயரத்தில், பெட்டிக்குள் வளர்வதில்லையே!

மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் கூடவே குளிரும். மேலே இருக்கும் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. இப்படிப்பட்ட இரவுகளில் பெட்டிக்குள் இருப்பதைவிடப் புல்மட்டத்தில் 3 முதல் 5 டிகிரி வரை குறைந்திருப்பது சகஜம். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி சொல்கிறோம். தரைக்கும் மச்சுக்கும் குளிர் ஒன்றல்ல என்பது நம் பாட்டனார் காலத்திலேயே பேச்சில் இருந்திருக்கிறது. ரேடியோ அறிவிப்பில்தான் இன்னும் மச்சுக் கணக்கு மட்டும் வருகிறது.

போதாததற்கு நம் மலை மேடும் பள்ளமுமானது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது தண்ணீரைப்போலவே சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். குறுக்கே அடர்த்தியான வேலியோ மரவரிசையோ இருந்தால் அதற்கு மேல்பக்கம் அணை கட்டியதுபோல் நிற்கும். அதனால்தான் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் உள்ள இரண்டு தோட்டங்களில் ஒன்று கருகும், மற்றொன்று பசுமையாக நிற்கும். எனக்கு மேலே, சரிவின் நடுவில் தேயிலை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என் கிழங்கு போன அன்று சொன்னார்: "தம்பி, உன் பள்ளத்துக்கும் என் மேட்டுக்கும் ஒரே ரேடியோ போதுமா?" நான் படித்து அறிந்ததை எல்லாம் அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

முன்னறிவிப்புச் சொல்பவரின் பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். நடுநிசியில் ஒரு மேகத்திட்டு ஒரு மணி நேரம் வந்து நின்றால், போர்வை போட்டதுபோல் தரைச் சூடு தங்கிவிடும், பனி உறையாது. இலேசான காற்று எழுந்தால் மேலே இருக்கும் வெதுவெதுப்பைக் கீழே கலந்துவிடும், அப்போதும் உறையாது. காற்றில் ஈரம் இருந்தால் முதலில் நீர்ப்பனி இறங்கும். ஆவி நீராகும்போது கிராமுக்கு 600 கலோரி அளவில் சூட்டை வெளியிடுவதால் குளிர் இறங்குவது தாமதப்படும். காற்று வறண்டிருந்தால் இந்தத் தடை கிடையாது. வெள்ளை படியாமலேகூடச் செடி உறைந்து கருகும். மாலை ஆறு மணிக்கு அறிவிப்பு எழுதுகிற ஒருவர், பின்னிரவு நாலு மணிக்கு உங்கள் பள்ளத்தின் மேல் மேகம் நிற்குமா என்று எப்படிச் சொல்ல முடியும்?

"வெளிநாட்டில் மணிப்பிரகாரம் சொல்கிறார்களே" என்று சிலர் வாதிப்பார்கள். அங்கேயும் கதை இதுதான். 2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரில் 20 முதல் 30 அங்குலம் வரை பனி பொழியும் என்று அறிவித்தார்கள். சுரங்க ரயிலைக்கூட நிறுத்தினார்கள். பனிக்காக அதை நிறுத்தியது அதுவே முதல் தடவை. கடைசியில் அந்நகரின் மத்தியப் பூங்காவில் விழுந்தது 9.8 அங்குலம். கிழக்கே லாங் ஐலண்டு பக்கம் இரண்டடிக்கு விழுந்தது. புயல் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போனதுதான் வித்தியாசம். மழையில் ஓர் அங்குலம் பிசகினால் யாரும் கவனிப்பதில்லை; அதே தண்ணீர் பனியாக விழுந்தால் ஏறக்குறைய பத்து அங்குலமாக நிற்கும், பிசகும் பத்து மடங்காகத் தெரியும். கம்ப்யூட்டரும் ராடாரும் குறைவில்லாத நாட்டில் இந்தக் கதி. நியூஜெர்சியில் ஒரு வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்த கேரி ஸட்கோவ்ஸ்கி, தவறான முடிவுகளை எடுக்க நேர்ந்த அனைவரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். நம் பக்கத்தில் அப்படிக் கேட்டதாக நினைவில்லை. கேட்கவும் வேண்டாம். எனக்கு வேண்டியது மன்னிப்பல்ல.

பனிக்காலத்து அறிவிப்பில் நாம் கேட்பது என்ன? "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் உறைபனிக்கு வாய்ப்பு உண்டு." இந்த 'ஓரிரு இடங்கள்' என்பதை மழுப்பல் என்று கேலி செய்கிறோம். உண்மையில் அதற்கு ஓர் அளவு உண்டு. மழை அறிவிப்பில், ஒரு வட்டாரத்தில் உள்ள பதிவு நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் மழை விழும் என்றால் ஓரிரு இடங்கள். 26 முதல் 50 வரை என்றால் ஒருசில இடங்கள். அதற்கும் மேலே போனால் வேறு சொற்கள். இந்த அகராதி அவர்கள் கையில் இருக்கிறது. கேட்கிற நமக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. என் பள்ளம் அந்த ஓரிரு இடங்களில் ஒன்றா என்பதும் அந்த வாக்கியத்தில் இல்லை.

என் அபிப்பிராயம் இதுதான். பனிக்காலம் முழுவதும் ரேடியோவிலும், இப்போது கைப்பேசியிலும் வரும் அறிவிப்பில் இரண்டு எண்கள் சேர வேண்டும். ஒன்று, புல்மட்டத்து உஷ்ணநிலை. மற்றொன்று, பள்ளங்களில் உறைவதற்குப் பத்துக்கு எத்தனை வாய்ப்பு என்பது. அமெரிக்காவில் 1960-களிலிருந்தே மழை வாய்ப்பை நூற்றுக்கு இத்தனை என்று எண்ணாகச் சொல்லி வருகிறார்கள். சொன்னால் நம் ஜனங்களுக்குப் புரியாது என்பவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீட்டுப் பிடிக்கிறவனுக்கும், மண்டியில் ஏலத்துக்கு நிற்கிறவனுக்கும் வாய்ப்புக் கணக்கை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்த எண் எதற்கு என்றும் சொல்லிவிடுகிறேன். என் 60 சென்டில் கிழங்குச் செடி முளைத்திருக்கும் பாகத்தை ஒரு தடவை மூடி எடுக்க 500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செடி போனால் நஷ்டம் 10,000 ரூபாய். இருபதில் ஒரு பங்கு. ஆகவே இருபதுக்கு ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே மூடுவதுதான் எனக்கு லாபம். பத்து இரவு வீணாக மூடினாலும் ரேடியோவின் மேல் எனக்குக் கோபம் வரக்கூடாது. மேலே உள்ள பெரியவருக்கு நிலைமை வேறு. இரண்டு ஏக்கர் தேயிலையை மூட ஆள் அதிகம். கருகினால் சில வாரக் கொழுந்துதான் போகும், செடி திரும்பத் தளிர்க்கும். பத்துக்கு ஏழு, எட்டு வாய்ப்பு என்றால்தான் அவர் அசைய வேண்டும். ஒரே அறிவிப்பைக் கேட்டு நான் மூடுவதும் அவர் மூடாமல் இருப்பதும் இரண்டுமே சரி. 'வாய்ப்பு உண்டு' என்று மொட்டையாகச் சொன்னால் இருவருக்கும் உபயோகமில்லை.

இதற்கிடையில், உறைபனி விழுந்தால் பத்திரிகைகளில் வெள்ளைப் புல்வெளியின் படமும், சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி என்ற செய்தியும் வரும். மகிழட்டும். அந்தப் படத்தின் மூலையில் எவனோ ஒருவனுடைய பீன்ஸ் பாத்தியும் இருக்கும்.

அறிவிப்பு திருந்தும் வரை கை கட்டி உட்காரத் தேவையில்லை. குறைந்தபட்ச அளவைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் உஷ்ணமானி ஒன்று வாங்குங்கள். கண்ணாடிக் குழாயில் சாராயம் நிரப்பிய பழைய ரகமும் சரி, இப்போது வரும் பேட்டரி ரகமும் சரி. வாங்கியதும் பனிக்கட்டித் தூளும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் (பேட்டரி ரகமானால் அதன் உணர்முனையை மட்டும்) வைத்துப் பாருங்கள். சுழியம் காட்ட வேண்டும். ஒரு டிகிரி பிசகு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், தூக்கி எறிய வேண்டாம். தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில், புல் நுனி உயரத்தில் இரண்டு குச்சிகளின் மேல் படுக்கையாக வையுங்கள். காலையில் வெயில் படுவதற்குள் பார்த்து, முந்தைய இரவு ரேடியோவில் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மேகம், காற்று எப்படி இருந்தது என்றும் ஒரு வார்த்தை. ஒரு பனிக்காலம் எழுதினால், அவர்கள் சொல்வதிலிருந்து உங்கள் பள்ளத்துக்கு எத்தனை கழிக்க வேண்டும் என்பது கைக்கு வந்துவிடும். எனக்குத் தெளிந்த இரவில் 5, மேகமான இரவில் 1.

மூடுவதற்குப் பெரணித் தழை, கோத்தகிரி மிலார், காய்ந்த புல், எது கிடைத்தாலும் சரி. அடுப்புப் புகை மேலே எழாமல் படுத்துக்கொண்டு, வானத்தில் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற மாலையில் யோசிக்காமல் மூடிவிடலாம். மண் உலர்ந்து பொலபொலவென்று கிடந்தால் குளிர் அதிகம் தாக்கும். முந்தைய நாள் பகலில் தண்ணீர் கட்டிய மண் சூட்டைப் பிடித்து வைக்கும். தெளிப்பான் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி கிடைக்கிறது. அதனால்தான் தெளிப்பு நீர் செடியைக் காக்கிறது. ஆனால் வறண்ட காற்று வீசும்போது அதே தண்ணீர் ஆவியாகி, கொடுத்ததைவிடப் பல மடங்கு சூட்டைப் பிடுங்கிக்கொள்ளும். நடுவில் நிறுத்தினால் கேடு அதிகம். ஆரம்பித்தால் வெயில் வந்து பனிக்கட்டி உருகும் வரை ஓட வேண்டும். மின்சாரம் நிற்காது என்ற நிச்சயம் இல்லாதவர்கள் தொடாமல் இருப்பதே மேல். குப்பையைக் கொளுத்திப் புகை போடுவதில் பலன் சொற்பம். இருமல்தான் மிச்சம்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கத்து விவசாயிகளும் இதே தொல்லையில் இருப்பவர்கள். அவர்கள் பள்ளத்தில் தெளிந்த இரவுக்கு எத்தனை கழிக்க வேண்டியிருக்கிறது என்று இப்பகுதிக்கு எழுதினால், இரண்டு மலைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.