மகளுக்கு ஊசி போடும் நாளில் அம்மாவுக்கும் பரிசோதனை

14 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாக இலவசமாகப் போடுவதற்கு, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல முடிவு. ஆனால் பாதி வேலைதான். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் இந்த ஊசி போடும் நாளே, அந்தச் சிறுமிகளின் அம்மாக்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையும் நடக்க வேண்டும்.

ஹெச்.பி.வி. உடலுறவால் பரவும் வைரஸ். பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றும். பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிப்போனால்தான் ஆபத்து. அப்போதும் அது கருப்பை வாயில் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். தொற்றுக்கு முன்பே போட்டால்தான் ஊசிக்கு முழுப் பலன். நாற்பதை நெருங்கும் தாயைக் காப்பது பரிசோதனைதான்.

அந்தப் பரிசோதனையை 30 முதல் 49 வயதுப் பெண்களில் 9.8 சதவீதம் பேரே ஒருமுறையாவது செய்துகொண்டிருக்கிறார்கள் என்கிறது தமிழ்நாடு குறித்த 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. பத்தில் ஒன்பது பேர் விடுபட்டிருக்கிறார்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண், உடம்பில் வலியே இல்லாதபோது ஒரு நாள் கூலியை விட்டு ஏன் ஆஸ்பத்திரிக்கு வருவாள்? வெள்ளைப்படுவதை வெளியில் சொல்லவே கூச்சப்படுகிறவளிடம், நோயை நடத்தையோடு முடிச்சுப் போட்டுப் பேசுவது கொடுமை. இந்தக் கிருமி அறிகுறி காட்டாமல் பல ஆண்டுகள் உடலில் கிடக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

செய்ய முடியாத காரியமல்ல இது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு 2000-இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்களே அசெட்டிக் அமிலம் தடவி, கருப்பை வாயில் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. இப்போது, பெண்ணே மறைவாகத் தானே மாதிரி எடுத்துத் தரக்கூடிய ஹெச்.பி.வி. பரிசோதனையும் வந்துவிட்டது. அதற்கான குச்சியும் குப்பியும் கிராம சுகாதார செவிலியரின் பையில் இருக்க வேண்டும். தொற்று உறுதியானால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிகிச்சை. அதற்கு மேல் தேவைப்படுவோரை, கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அரசு வாகனத்திலேயே காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு கிராம சபைக் கூட்டத்திலும், ஊரில் முப்பது வயதைக் கடந்த பெண்களில் எத்தனை பேருக்குப் பரிசோதனை முடிந்தது, எத்தனை பேர் பாக்கி என்பதைப் பெயர் சொல்லாமல் வாசிக்கச் செய்யுங்கள்.