பீலிவளையின் பிள்ளை எந்த ஊர்?



விடுமுறை இதழுக்காகப் பள்ளிப் பிள்ளைகளிடம் கற்பனைக் கதைகள் கேட்டிருந்தோம். கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் கோப்பாயிலும் அரியாலையிலும் பனி கொட்டுகிறது! மலையுச்சியில் கோட்டை, அதன் மேல் நெருப்புக் கக்கும் டிராகன், அந்த டிராகனுக்கும் ஒரு மனுசிக்கும் பிறந்த வீரன். அவன் தோளில் செதில், கண்ணில் தீ. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் காண்பதைத்தான் பிள்ளைகள் எழுதுவார்கள். அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் இப்படிப்பட்ட வீரனொருவன் எங்கள் கடலிலேயே தொட்டிலாடியவன் என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமல்லவா? இந்த மாதம் அதைக் கொஞ்சம் கதைப்போம்.

சாத்தனாரின் மணிமேகலையில் வருகிறாள் பீலிவளை. நாகநாட்டு அரசன் வளைவணனுக்கும் வாசமயிலைக்கும் பிறந்தவள். புகார் நகரத்துப் பூஞ்சோலையில் சோழ மன்னன் கிள்ளி அவளைக் காண்கிறான். ஒரு மாதம் கூடியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் அவள் இல்லை. எங்கே போனாள், ஏன் போனாள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. மன்னன் தேடாத இடமில்லை. அவள் இனி வரமாட்டாள், அவள் பெற்ற மகன்தான் வருவான் என்று ஒரு துறவி வந்து சொல்கிறார்.

மகனும் புறப்படத்தான் செய்கிறான். மணிபல்லவத் தீவிலுள்ள புத்த பீடிகையை வணங்கக் குழந்தையோடு வருகிறாள் பீலிவளை. அங்கே மரக்கலத்தோடு நிற்கிறான் கம்பளச் செட்டி என்ற வணிகன். இது உன் அரசனின் பிள்ளை, கொண்டுபோய்ச் சேர்த்துவிடு என்று அவன் கையில் கொடுக்கிறாள். அன்றிரவே கலம் உடைகிறது. தப்பி வந்தவர்கள் சொன்ன செய்தி கேட்டு மன்னன் கரையெல்லாம் பிள்ளையைத் தேடி அலைகிறான். அந்தத் தவிப்பில் இந்திர விழா மறந்துபோகிறது. விழா மறந்த நகரத்தைக் கடல் கொள்கிறது. ஒரு குழந்தை காணாமற்போனதற்கு ஒரு பட்டினமே விலை.

குழந்தை என்னவாயிற்று என்று காப்பியம் சொல்லவில்லை. பெரும்பாணாற்றுப்படைக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் வேறொரு வழியாக வந்து அந்த முடிச்சை அவிழ்க்கிறார். அவர் சொல்லும் கதையில் நாகபட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியே நாகலோகம் போய் நாககன்னிகையைக் கூடுகிறான். பிள்ளை பிறந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்க, தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடு, கரை சேர்ந்தால் நாடு தருகிறேன் என்கிறான். அலை கொண்டுவந்து சேர்த்த அந்தப் பிள்ளைதான் தொண்டைமான் இளந்திரையன், காஞ்சியிலிருந்து தொண்டை நாட்டை ஆண்டவன். காஞ்சியில் பின்னர் ஆண்ட பல்லவர்களும் இந்த உறவை விட்டுவிடவில்லை. அசுவத்தாமனுக்கும் நாககன்னிகைக்கும் பிறந்தவன் கந்தசிஷ்யன் என்று இராயக்கோட்டைச் செப்பேடு அவர்கள் மரபைக் கூறுகிறது. அரசு வேண்டுமென்றால் நாகர் வீட்டில் பெண்ணெடுத்திருக்க வேண்டும் போலும்!

மணிபல்லவம் எது என்ற கேள்விக்கு அறிஞர் பலர் கைகாட்டும் இடம் எங்கள் நயினாதீவு. இந்தப் பகுதியின் பழம்பெயரான நாகதீபத்தில் மணிப்பீடம் ஒன்றுக்காக மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும், சண்டை பிடித்தார்கள், புத்தர் வந்து தீர்த்துவைத்தார் என்கிறது மகாவம்சம். மணிமேகலையின் பீடிகைக் கதையும் ஏறக்குறைய இதுவே. பாளியும் தமிழும் ஒரே தீவைச் சுற்றி ஒரே வழக்கைப் பேசுகின்றன.

குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி நயினை நாகபூசணி அம்மனிடம் போகிறவர்களுக்கு ஊரவர் சொல்லும் கதை இன்னொன்று. அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிர்க் கல்லில் அமர்ந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் நடுவே நின்று சமாதானம் பேசி நாகத்தை விடுவித்தான். ‘பாம்பு சுற்றிய கல்’, ‘கருடன் கல்’ என்று கடலில் அந்த இரண்டையும் இன்றைக்கும் காட்டுவார்கள். இந்தக் கதையிலும் கப்பல், வணிகன், இடையில் ஒரு நாகம் என்பதைக் கவனியுங்கள். கோயிலில் அன்னதானம் நடக்கும் மடத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் பெற்ற பாத்திரத்தின் பெயரல்லவா அது!

அதே கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறநாட்டார் ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குத் தீங்கு வரக்கூடாது என்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று கணக்கும் வைக்கிறது. கலம் உடைவது காப்பியக் கற்பனை மட்டுமல்ல, சட்டம் போட்டு ஒழுங்கு செய்யுமளவுக்கு இந்தக் கடலில் நடந்துகொண்டிருந்த காரியம். கம்பளச் செட்டியின் கலத்தை நம்புவதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாகர் என்போர் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. பெயர் பழையது என்பதில் ஐயமில்லை. வல்லிபுரத்தில் 1936இல் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் இந்தப் பகுதியை ‘நாகதீவு’ என்றே குறிக்கிறது. அநுராதபுரத்து அரசர் வரிசையில் இளநாகன், சோரநாகன், சிறிநாகன் இருக்கிறார்கள். சங்கப் புலவர் வரிசையில் முரஞ்சியூர் முடிநாகராயரும் மதுரை மருதன் இளநாகனாரும் இருக்கிறார்கள். அங்கேயும் இளநாகன், இங்கேயும் இளநாகன்! எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய இடாப்பைப் புரட்டினாலும் நாகலிங்கம், நாகமுத்து, நாகேஸ்வரி, நாகரத்தினம், நாகபூசணி என்று வரிசை நீளும். பிள்ளை வரம் கேட்டு நேர்ந்து, பிறந்ததும் வைத்த பெயர்கள் இவற்றில் பல.

இவ்வளவையும் எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. நாகர் எங்கள் முன்னோர், ஆகவே நாங்களே ஆதிக்குடி என்று இந்தத் தீவில் இரண்டு மொழிக்காரரும் மேடை போட்டுப் பேசுகிறார்கள். கதைகளை ஒருமுறை நிதானமாக வாசித்தால் அந்த மேடை ஆட்டம் காணும். கலப்பில்லாத நாகன் ஒருவனைப் பற்றி இந்த வம்சக் கதைகள் எதுவும் அக்கறைப்படவில்லை. அக்கறையெல்லாம் அக்கரை ஆணுக்கும் இக்கரைப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையில்தான். கம்போடியாவிலும் இதே கதைதான். அங்கே கப்பலில் வந்த கௌண்டின்யன் நாகராசன் மகள் சோமாவை மணந்ததாக 7ஆம் நூற்றாண்டுச் சம்பா நாட்டுக் கல்வெட்டு கூறுகிறது. கெமர் கலியாண வீடுகளில் மணமகன் மணமகளின் மேலாடைத் தொங்கலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது அந்த நாககன்னிகையின் வாலைப் பிடித்து நாகலோகம் போன இளவரசனின் நினைவாக. வந்தவன் முன்னே போவதில்லை. மண்ணுக்குரியவளின் பின்னால் போகிறான். நல்ல மரியாதை!

கடலோரத்தில் வாழ்ந்த சனங்கள், வந்து இறங்கியவர்களோடு உறவாகிப்போனதைச் சொல்லக் கண்டுபிடித்த அழகான வழி இந்த நாகவம்சக் கதைகள் என்பதே என் எண்ணம். அரசுகளின் தொடக்கத்தையே ஒரு கலப்புக் கலியாணமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதைத் தூய்மைக்குச் சாட்சியாக இழுப்பது, பீலிவளையின் பிள்ளையை மறுபடியும் கடலில் போடுவது மாதிரி.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வளவிலோ ஊர் எல்லையிலோ புற்று இருந்தால், நாகதம்பிரானுக்குப் பொங்கும் வழக்கம் இருந்தால், அதன் கதையை எழுதியனுப்புங்கள். அப்பம்மா, அம்மம்மா சொன்ன சொல்லிலேயே இருந்தால் இன்னும் நல்லது, திருத்தமாட்டோம். கனடாவிலும் பாரிசிலும் இருக்கும் வாசகர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்றும் எழுதலாம். இன்னொன்று, பீலிவளை ஏன் சொல்லாமல் போனாள் என்று சாத்தனார் அவள் வாயால் சொல்லவைக்கவில்லை. அவள் பக்கத்துக் கதையை எழுத யாருக்காவது மனம் வந்தால் முதற்பக்கமே தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்