கோளாறு என்று ஒதுக்கிய இடத்தில்தான் கதை இருக்கிறது

“சுட்டுத் தள்ளுவதைத் தவிர அதில் என்ன இருக்கிறது?”

மடிக்கணினியில் நான் துப்பாக்கி விளையாட்டு எதையாவது திறந்தால் அம்மா கேட்கும் கேள்வி இது. பல நேரங்களில் என்னிடம் பதில் இருக்காது. எதிரி விழுவான், புள்ளிகள் ஏறும், அடுத்த எதிரி வருவான். அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால், இந்த விடுமுறையில் நான் விளையாடி முடித்த பழைய விளையாட்டு ஒன்றில் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது.

அதன் பெயர் ‘ஃபார் கிரை 2’. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மாண்ட்ரியல் பிரிவு உருவாக்கி 2008ல் வெளிவந்தது. வயது வந்தோருக்கான விளையாட்டு. பெயர் சொல்லப்படாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் உள்நாட்டுப் போர். இரு தரப்புக்கும் ஆயுதம் விற்கும் ‘ஜேக்கல்’ என்பவனைக் கொல்ல வரும் கூலிப்படை வீரனின் கண்வழியே நாம் எல்லாவற்றையும் பார்க்கிறோம். வந்து இறங்கியவுடனேயே அவன் மலேரியாக் காய்ச்சலில் விழுகிறான். கண் விழித்தால், கொல்ல வந்த ஆளே கட்டிலருகே நிற்கிறான். இவனைக் கொல்லக்கூட மதிப்பில்லை என்பதுபோல் உயிரோடு விட்டுவிட்டுப் போகிறான்.

இப்படித் தொடங்கும் கதையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பேச்செல்லாம் குறைகளைப் பற்றித்தான். துப்பாக்கி துருப்பிடித்துச் சண்டையின் நடுவே சிக்கிக்கொள்கிறது. காய்ச்சல் திடீரென்று வந்து பார்வையை மங்கச் செய்கிறது. ஒரு சோதனைச்சாவடியில் இருந்தவர்களை எல்லாம் வீழ்த்திவிட்டுப் போய், சற்று நேரம் கழித்துத் திரும்பினால் அங்கே புதிய ஆட்கள் நிற்கிறார்கள். முதல் சில மணி நேரம் எனக்கும் எரிச்சல்தான். தேசிய சேவையில் இருக்கும் என் தம்பி மட்டும் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “ரைஃபிளைச் சுத்தம் செய்யாவிட்டால் அப்படித்தான் ஆகும், அக்கா.”

அவன் விளையாட்டாகச் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மற்ற விளையாட்டுகளில் துப்பாக்கி ஏன் ஒருமுறைகூடச் சிக்குவதில்லை? கொல்வது நமக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதால்தான். இந்த விளையாட்டு அந்தச் சுலபத்தை எடுத்துவிடுகிறது. அடிபட்டால், உடம்பில் பாய்ந்த தோட்டாவைக் குறடால் பிடுங்கி எடுப்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வலி என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

இது தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை. இதன் படைப்பாக்க இயக்குநர் கிளின்ட் ஹாக்கிங், 2007ல் ‘பயோஷாக்’ என்ற இன்னொரு விளையாட்டைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதினார். கதை ஒன்றைச் சொல்ல, விளையாடும் முறை வேறொன்றைச் சொல்கிறது என்பது அவர் வாதம். மறு ஆண்டு அவருடைய விளையாட்டே வெளிவந்தது. அதில் கதையையும் விளையாடும் முறையையும் பிரிக்க முடியவில்லை.

மலேரியா மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அது கடையில் கிடைக்காது. ஒளிந்து வாழும் மக்களுக்குப் பயணப் பத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவர்களிடமிருந்து மாத்திரை கிடைக்கும். உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது டெங்கி வந்து ஒரு வாரம் படுத்திருந்தவள் நான். அந்தக் காய்ச்சலில் மருந்தைத் தவிர வேறெதிலும் மனம் போகாது. விளையாட்டிலும் நான் அப்படித்தான் ஓடினேன். ஒரு குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பிக்க வழிசெய்துவிட்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு நேர விளையாட்டில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் மாத்திரைக்காகத்தான் செய்தேன்.

சோதனைச்சாவடிகளும் அதே கதையைத்தான் சொல்கின்றன. இரு தரப்புத் தலைவர்களும் நம்மை ரகசியமாக வேலைக்கு வைக்கிறார்கள். அதனால் எந்தத் தரப்பு வீரனுக்கும் நாம் எதிரிதான். இன்று ஒரு தரப்புக்காக அழித்ததை நாளை மறு தரப்பு ஈடுகட்டிவிடும். எத்தனை பேரைச் சுட்டாலும் அந்த நாட்டில் ஒன்றும் மாறுவதில்லை. எரிச்சலூட்டும் அந்தச் சாவடி அதைத்தான் காட்டுகிறது. போகப் போக ஜேக்கலுக்கும் நமக்கும் வேறுபாடும் குறைந்துகொண்டே வருகிறது. அவனும் இரு பக்கமும் பணம் வாங்குகிறான்; நாமும் வாங்குகிறோம்.

முடிவைச் சொல்லிவிடப் போகிறேன். இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

நம் உயிரைக் காப்பாற்றிய கூலிப்படை நண்பர்களே இறுதியில் வைரங்களுக்காக நம்மைச் சுட வருகிறார்கள். மக்களை எல்லைக்கு அப்பால் அனுப்பிவைக்க வழி சொல்பவன் ஜேக்கல். ஒருவர் வைரங்களைக் கொடுத்து எல்லைக் காவலர்களைச் சரிக்கட்ட வேண்டும். மற்றவர் வெடிவைத்துக் கணவாயை அடைக்க வேண்டும். இருவருமே உயிரோடு திரும்பக் கூடாது. இந்தப் போரைப் பரப்பிய நோய் தாங்கள்தான் என்பது அவன் கணிப்பு. நாயகன் வென்று வீடு திரும்பும் முடிவுக்குப் பழகிப்போன எனக்கு, திரை இருண்ட பிறகும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இதனால் இந்த விளையாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாத்திரங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதுபோல் பேசுகிறார்கள். ஒரே மாதிரியான வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எனக்கு இவற்றைவிடப் பெரிய குறை வேறு. இது ஆப்பிரிக்காவைப் பற்றிய கதை. ஆனால், அந்த மண்ணின் சாதாரண மக்கள் ஒளிந்திருப்பவர்களாக மட்டுமே வருகிறார்கள். இதற்குத் தூண்டுதலாக இருந்த நாவல் ஜோசப் கான்ராட்டின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’. அந்த நாவல் ஆப்பிரிக்காவை வெறும் பின்னணியாக்கிவிட்டது என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சேபே 1975லேயே கடுமையாக விமர்சித்தார். 33 ஆண்டுகள் கழித்து வந்த விளையாட்டும் அந்த விமர்சனத்திலிருந்து தப்பவில்லை. இந்தக் குறைக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

2012ல் வந்த ‘ஃபார் கிரை 3’ல் மலேரியா இல்லை. ஒரு முகாமைப் பிடித்தால் அது நம் பக்கமே இருக்கும். விளையாட அது நன்றாகத்தான் இருந்தது. நானே இரவு வெகுநேரம் விழித்து விளையாடினேன். ஆனால், அதில் சுட்டவர்களில் ஒருவரைக்கூட நான் பிறகு நினைத்துப் பார்க்கவில்லை.

துப்பாக்கி விளையாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று பெரியவர்கள் கவலைப்படும்போது, “சும்மா பொழுதுபோக்குதானே” என்று நாம் தட்டிக்கழிக்கிறோம். அது சரியான பதில் அல்ல. பள்ளியில் கருத்தறிதல் பகுதியைப் படித்துவிட்டு எழுத்தாளர் ஏன் இப்படி எழுதினார் என்று கேட்கப் பழகிய நாம், பல மணி நேரம் செலவிடும் விளையாட்டிடமும் அதைக் கேட்கலாம். இது கொல்வதை ஏன் இவ்வளவு சுலபமாக்குகிறது? யாரை எதிரியாக்குகிறது? யாரைப் பேசவே விடுவதில்லை?

அன்று அம்மாவை அருகில் உட்காரவைத்து, பயணப் பத்திரம் கொடுக்கும் காட்சியைக் காட்டினேன். கடைசிவரை பார்த்துவிட்டு, “மாத்திரை தராவிட்டால் உதவியிருக்கமாட்டாயா?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.